மாப்பிள்ளைக்கு ஒரு சாவி

“மாமா, நீங்களே ஏறி எலுமிச்சம்பழத்த நசுக்கிக் குடுங்க” என்று புதுக் கார் சாவியை நீட்டினான் அருள்முருகன்.

கரிக்கலாம்பாக்கம் மாரியம்மன் கோயில் வாசலில் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் அப்பி, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் பழம் வைத்துக் கார் தயாராக நின்றது. சாவியைப் பார்த்ததும் மணிபாரதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மணிபாரதி, அருள்முருகனின் அக்காள் புருஷன். கார் விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஓட்டுவதைத் தவிர. மனைவி செல்வகுமாரியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “வளைவுல பிரேக் புடிக்காதடி, முன்னாடியே புடிச்சிட்டு வளைக்கணும்” என்று பாடம் நடத்துவதோடு அவனுடைய சாலை அனுபவம் சரி. இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது என்பது அவன் நம்பிக்கை.

மச்சான் கார் வாங்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இலவச ஆலோசனைதான். வெள்ளை வேண்டாம், டாக்சி என்று நினைத்துக் கை காட்டுவார்கள். கூரையில் கண்ணாடி வேண்டாம், வெயிலைக் காசு கொடுத்தா உள்ளே விடுவது? அருள்முருகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூரையில் கண்ணாடி வைத்த வெள்ளைக் காரை வாங்கினான்.

மணிபாரதி அதற்கெல்லாம் அசரவில்லை. பூஜை முடிந்ததும் குடும்பத்தோடு திருவண்ணாமலைப் பயணம். கிளம்புவது ஆறு பேர், வண்டி கொள்வது ஐந்து. அதனாலென்ன, மாப்பிள்ளைக்கு முன்சீட்டை விட்டுவிட்டு மற்றவர்கள் பின்னால் நெருக்கிக்கொள்வார்கள். அந்த முன்சீட்டுக்காகவே கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு நேற்றே மாமியார் வீட்டில் வந்து இறங்கியிருந்தான். வழிநெடுக மச்சானைத் திருத்தும் பெரிய பொறுப்பு இருந்ததே!

“இன்னா மாமா யோசிக்கிறீங்க?”

“என்ஜின் சூடாவட்டும்டா. ரேஸ்ல டயருக்கே போர்வ போத்தி சூடு பண்றான். உனக்கு இன்னா தெரியும்?”

அருள்முருகனே கையை விட்டுச் சாவியைத் திருக, என்ஜின் சூடானது. வெயிலில் நின்றவர்களும் சூடானார்கள்.

“ராகுகாலம் பொறக்கப் போவுதுங்க. ஏறுங்க” என்றாள் செல்வகுமாரி.

“டயர்ல காத்து அதிகமா இருக்குது. ஷோரூம்ல கண்ணாபின்னான்னு அடிச்சி உட்ருக்கானுங்க.”

“அளந்து பாக்க வாணாமா மாமா?”

“கையால தட்டுனாலே எனக்குத் தெரியும்.”

வால்வை அழுத்தினான், தட்டினான், மறுபடி அழுத்தினான். டயர் பிதுங்கிச் சப்பையாகி, வண்டி நகராமலே எலுமிச்சம்பழம் நசுங்கியது.

“ஆகவே ஆகாது, வேற பழம் வைங்க” என்றார் பூசாரி.

வாசலில் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த கலியம்மாளிடம் வேறு பழம் வாங்கினார்கள். எதிர்வீட்டிலிருந்து பம்ப் வந்தது. அருள்முருகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க மிதித்தான்.

“ரேஸ்ல நாலு டயரையும் ரெண்டே செகண்டுல மாத்திடுவான், தெரியுமாடா?”

“அவனுங்க கூட அக்கா புருஷன் வர்றதில்ல மாமா.”

இனித் தப்பிக்க வழியில்லை. மணிபாரதி ஏறி உட்கார்ந்தான். கீழே மூன்று பெடல்கள் இருந்தன. அவனிடம் கால்கள் இரண்டுதான் இருந்தன. எதையாவது செய்ய வேண்டுமே என்று கைக்கு அகப்பட்ட கம்பியை இழுத்தான். தண்ணீர் பீச்சியடித்தது, வைப்பர் எழுந்து குங்குமத்தைக் கண்ணாடி முழுக்கப் பூசியது.

“ஐயோ, கை! சுளுக்கிக்கிச்சி!” என்று அலறிக்கொண்டு இறங்கினான்.

மாமியார் அமுதம் பதறி ஓடி வந்தாள். அவள் பையிலிருந்து கட்டுத்துணி உடனே வெளியே வந்தது. தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று மணிபாரதி நெகிழ்ந்துபோனான்.

“சுளுக்குக் கையோட அம்மாந் தூரம் குலுங்கிக்கினு வரக் கூடாதுங்க மாப்ள. வூட்ல படுத்து ரெஸ்ட் எடுங்க.”

“முன்சீட்டுல சும்மா குந்திக்கினுதான அத்த வரப்போறேன்?”

“சும்மாவா? நீங்களா?” என்றாள் செல்வகுமாரி.

மறுத்தால் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் சாவியை வாங்க வேண்டும். மணிபாரதி கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

அருள்முருகன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறி, நான்கு பழத்தையும் ஒரே மூச்சில் நசுக்கிக்கொண்டு கிளம்பினான். முன்சீட்டில் அமுதம். கிளட்சைச் சட்டென்று விட்டதைச் சொல்லித் திருத்தக்கூட முடியவில்லையே என்று மணிபாரதி வண்டிக்குப் பின்னால் நாலடி ஓடி நின்றான். போகட்டும், மானமாவது தப்பியது.

“வண்டி சரியில்ல, நாந்தான் வாணான்னு எறங்கிட்டேன்” என்றான் கலியம்மாளிடம்.

அவள் சுருக்குப் பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள்.

“வூட்டுச் சாவி தம்பி. காலைல பழம் வாங்க வரப்பவே உங்க மாமியா குடுத்துட்டாங்க: ‘மாப்ளைய வரவாணாம்னு சொல்ல முடியுமா, அதான் வண்டிய ஓட்டச் சொல்லப் போறோம், அவருக்கு மட்டும் சோறு வடிச்சி மூடி வச்சிருக்கேன்’னு.”