பக்கத்து ஸ்டூல் டிரைவர்

1902-ஆம் ஆண்டில் சம்பங்கி அண்ணனுக்கு ஒன்பது வருஷ அனுபவம். எதில் என்று கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்ததில்.

பக்கத்து ஸ்டூல் டிரைவர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. கல்யாண வீட்டில் சமையற்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று உப்பு சொல்லும்; ஜட்காவில் ஏறினால் வண்டிக்காரனுக்கு முன்னால் குதிரையை அதட்டும். நம் சம்பங்கி குடியிருந்தது கோரமண்டல் என்ற சுரங்க ஊரில், ஒரு தங்கச் சுரங்கத்தின் இன்ஜின் கொட்டகையில். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களைப் பாதாளத்திலிருந்து நீராவி இன்ஜினால் மேலே இழுப்பவர் டிரைவர் டக்ளஸ். அவருக்கு ஏதாவது ஆனால் லீவரைப் பிடிக்க வேண்டியவர், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் சம்பங்கி. ஒன்பது வருஷமாக டக்ளஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது யார் குற்றம்?

கேஜ் பூப்போல வந்து நின்றால், "நான் சொன்னேன்ல?" குலுங்கி நின்றால், "எனுக்கு அப்பவே தெரியும் பா" என்பார் சம்பங்கி. கயிற்றிலிருக்கும் சுண்ணாம்பு அடையாளம் இன்ஜினில் கயிறு சுற்றும் உருளையைத் தொட்டதும் பிரேக்கை அழுத்துவது டக்ளஸின் வழக்கம். அதற்கு ஒரு முழம் முன்னாலேயே அழுத்த வேண்டும் என்பது சம்பங்கியின் சித்தாந்தம்.

"ஒரு நாளு என் கையில குட்த்துப் பாரு பா!"

கொடுத்துவிட்டார். ஒரு காலை டக்ளஸைக் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. "நீயே பாத்துக்க, சம்பங்கி அண்ணே" என்று போர்வையோடு வீட்டுக்குப் போனார். கீழேயிருந்து மணி மும்முறை அடித்தது. ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று பொருள். பத்துப் பேர், அதில் ஒருவன் சம்பங்கியின் மச்சான் வாசு. பிரேக் ஒரு மூச்சு தாமதித்தால் கூண்டு குழி வாசலைத் தாண்டி, மேலே கயிறு ஓடும் உச்சிச் சக்கரத்தில் மோதும்.

லீவர் நகர்ந்தது. கயிறு வந்தது. அடையாளத்திலா, ஒரு முழம் முன்னாலா? சம்பங்கி யோசனை கேட்கப் பக்கத்தில் திரும்பினார். ஸ்டூல் காலி. கேஜ் வாசலுக்கு இன்னும் இரண்டு பனை ஆழம் இருக்கும்போதே பிரேக்கை அழுத்திவிட்டார்.

"டக்ளஸ் அண்ணே, இன்னா ஆச்சு?" என்றது குழிக்குள்ளிருந்து வாசுவின் குரல்.

"சம்பங்கி அண்ணன்தான் ஓட்றாரு!" என்று கத்தினாள், குடிதண்ணீர் கொண்டுவந்த மங்கம்மா.

கூண்டுக் கம்பிகளைப் பத்துப் பேரும் பற்றிக்கொள்ளும் சத்தம். பிறகு, "மாமாவா? ஏணி எதுனா கீதா?"

லீவரைப் பிடித்தபடியே சம்பங்கி பக்கத்தைக் காட்டினார். "மங்கம்மா, இந்த ஸ்டூல்ல குந்து."

"எனுக்கு இன்னா தெரியும்ணா?"

"ஒண்ணும் தெரிய வேணாம். எதுனா சொல்லிக்கினே இரு."

குடத்தை இறக்கிவைத்து உட்கார்ந்தாள். கயிறு அசைந்தது. அந்த ஸ்டூலில் என்ன மருந்து தடவியிருந்தார்களோ!

"மெதுவாண்ணா! இப்ப அமுக்கு! இன்னா பாத்துக்கினு கீறே? டக்ளஸ் அண்ணனா இருந்தா இந்நேரம் அமுக்கியிருப்பாரு!"

"வாய மூடு! டிரைவரு நானா, நீயா?"

வாழ்நாளில் முதல்முறையாக அதைச் சொன்ன வேகத்தில், சித்தாந்தம் மறந்துபோய், சுண்ணாம்பு உருளையைத் தொட்ட நொடியில் அழுத்தினார். கேஜ் குலுங்கி, வாசலில் நின்றது. பத்துப் பேரும் இறங்கினார்கள். வாசு தரையைத் தொட்டுக் கும்பிட்டான், மாமாவை அல்ல.

"நல்ல வேளை, நான் இருந்தேன்" என்றாள் மங்கம்மா.

டக்ளஸ் இன்னும் படுக்கையில்தான். லீவர் சம்பங்கியிடம். வேலை நேரத்தில் இப்போது அவர் பேசுவதில்லை. பிறர் பேசினாலும் பிடிப்பதில்லை. மங்கம்மாவுக்கோ தண்ணீர் வேலை இருக்கிறது. ஆகவே ஸ்டூல் காலி. "நானாக இருந்தால் நடுவழியில் நிறுத்தியிருக்கவே மாட்டேன்" என்று சற்று முன் முணுமுணுத்தீர்களே, வாசகரே, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். திங்கட்கிழமை காலை ஸ்டூலுக்கு ஆள் எடுக்கிறார்கள்.