இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த பார்லிக் காப்பி

ரைன் பாலச் சுங்கச்சாவடி,
அக்டோபர் 1953

அன்புள்ள அக்கா வால்பூர்காவுக்கு, தம்பி எங்கெல்பர்ட் வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் சீருடையும் நலம். அங்கு நீயும் அத்தானும் வாத்துகளும் நலமா?

கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்றா என்று கேட்டிருந்தாய். குறிக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பாய், எனக்குத்தான் வயிறு எரிகிறது. இந்தக் கரையில் பேரரசர் காலத்திலிருந்தே சுங்கக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அப்போது ஆற்றைத் தாண்டி சுவிஸ் பக்கமிருந்து சர்க்கரைக்குப் பதிலான சாக்கரின் திருட்டுத்தனமாக வந்தது, இப்போது வரி கட்டாத காப்பிக்கொட்டை வருகிறது. தடுப்பவன்மேல் உள்ள வெறுப்பு மட்டும் மாறவில்லை. அப்படியிருந்தும் என் ஹெட்விக்கின் அம்மா கிரெசென்ஸ் அம்மாள் ஒருவழியாகச் சம்மதித்தார். மேலதிகாரி ஒப்புதல் இல்லாமல் சுங்கக்காரர்களுக்குத் திருமணம் கிடையாதே, அதனால் பெண் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக நவ்ராட்டில் என்கிற எங்கள் இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த அம்மாளின் அகலப் பாவாடைக்குள் பாலம் தாண்டி வரும் காப்பியைத்தான் தெருவே குடிக்கிறது. ஓடிப்போய், "அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், அன்னிக்கு மட்டும் காப்பிக்கொட்டைக்குப் பதிலா வறுத்த பார்லிப் பொடி போடுங்க" என்று கெஞ்சினேன்.

"ஆபீசர் சொன்னா சரிதான்" என்றார், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு.

இன்ஸ்பெக்டர் வந்தார், ஆப்பிள் கேக்கைப் புகழ்ந்தார், காப்பியை ஒரு வாய் குடித்தார். அவ்வளவுதான், முகம் சுருங்கிவிட்டது.

"என்னம்மா இது?"

"பார்லிங்க. சத்தியமா பார்லி."

தெருவுக்கு வந்ததும் என்மேல் பாய்ந்தார். "ஏன்யா, இந்த ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் பார்லின்னு சொல்லி நல்ல காப்பியா குடுப்பாங்க. நானும் பார்லி பிரமாதம்னு சொல்லிட்டு வருவேன். அதுதான் மரியாதை. இவங்க நெஜமாவே பார்லியக் குடுக்கறாங்கன்னா என்னை வேவு பாக்க வந்தவன்னு நெனச்சுட்டாங்கன்னுதானே அர்த்தம்? கையெழுத்தெல்லாம் அப்புறம் பாக்கலாம், போ!"

ஹெட்விக் அழுகிறாள். எனக்கும் அழுகைதான் வருகிறது அக்கா. சட்டப்படி நடந்ததற்காகக் கல்யாணம் நின்றுபோன சுங்கக்காரன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். போகட்டும், கடமை கடமைதான். நான் நிற்கும்வரை இந்தப் பாலத்தில் ஒரு காப்பிக்கொட்டைகூடத் தாண்டாது.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள். கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் தம்பி,
எங்கெல்பர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு செய்தி. இன்ஸ்பெக்டரை வருகிற ஞாயிறு ஹெட்விக் வீட்டில் மறுபடியும் அழைத்திருக்கிறார்களாம். இன்று காலை கிரெசென்ஸ் அம்மாள் சுவிஸ் பக்கமிருந்து பாலத்தில் வந்தார், பாவாடை கனத்தில் நடக்கவே சிரமப்பட்டார். "ஏதாவது கொண்டு வர்றீங்களா?" என்று விதிப்படி கேட்டேன்.

"ஒண்ணுமில்லையே மாப்பிள்ளை" என்றார்.

தடுப்புக் கட்டையை நானே தூக்கிவிட்டேன்.