இலையை எந்தப் பக்கம் மடிப்பது?

சதாசிவம் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். இனி நல்ல பிள்ளையாக எழுதுவதில்லை.

காரணம் ராஜசேகரன். இருவரும் பத்து பாகாட் ஊர் நெசவு ஆலையில் இருபது வருடம் ஒரே மேசையில் பசியாறியவர்கள். ராஜசேகரனுக்கு ஒற்று எங்கே மிகும் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் அவனுடைய வலைப்பூவில் தினமும் திருவிழா. கோயில் தலைவரைத் திட்டினான், கூட்டம். கல்யாண மண்டபத்துப் பாட்டுச் சத்தத்தைத் திட்டினான், இன்னும் கூட்டம். ஓரத்தில் புடவைக்கடை விளம்பரம் வேறு மின்னியது.

சதாசிவமும்தான் ஆறு வருடமாக வலை விரித்து உட்கார்ந்திருக்கிறார். விழுந்த வாசகர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் அவரேதான், வெவ்வேறு கருவிகளில்.

இது பொறாமையோ? தோசை ஆறும்வரை தன்னையே கேட்டுக்கொண்டார். இல்லை, சமூக அக்கறை என்று முடிவானது.

உடனே எழுதினார். விருந்து பிடித்திருந்தால் வாழை இலையை நம் பக்கம் மடிக்கிறோம், பிடிக்காவிட்டால் எதிர்ப்பக்கம். எத்தனை பேர் மரியாதைக்காகப் பொய்யாக மடிக்கிறோம்? 'நானே என் வீட்டில் இருபத்தேழு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் பொய்தான் மடிக்கிறேன்' என்று முடித்தார். ஊரே கொதிக்கும் என்று காத்திருந்தார்.

இரண்டு நாளில் ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. மூட்டுவலித் தைலம் விற்பவர் போட்டது.

சண்டை போட ஆள் இல்லாமல் சண்டை எப்படி நடக்கும்? சதாசிவம் சமையலறைக்குப் போனார்.

"தேனு, ஒரு உதவி. என்னைத் திட்டி எழுதணும்."

மனைவி தேன்மொழி கரண்டியைக் கீழே வைத்தார். "எழுதணுமா? வாயால திட்டினா பத்தாதா?"

"வலைப்பூவுலதான். வேற பேர்ல. பேரு அங்கம்மா, ஊரு பெக்கோக்னு போடு. சும்மா ஒரு பொய்ச் சண்டை."

"பொய்ச் சண்டை எனக்கு வராதுங்க."

"உனக்கு வந்ததை எழுது."

"அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"நான் ஏன் வருத்தப்படப் போறேன்?"

ஆறு வருடத்தில் முதன்முறையாகத் தேன்மொழி கணவரின் வலைப்பூவைத் திறந்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். அடுப்பை அணைத்தார்.

அங்கம்மா எழுதினார்: 'ஐயா, மடிக்கும் முன் இலையைப் பாருங்கள். ஒரு பருக்கை இருக்கிறதா? என் வீட்டுக்காரரும் உங்களைப் போலத்தான். மூன்று தடவை ரசம் வாங்குவார், அப்பளத்துக்குப் பேரப்பிள்ளையோடு சண்டை போடுவார், கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் இலையை மடிப்பது கறி தீர்ந்துவிட்டதால். உங்கள் இலை எப்படி?'

யாரோ எடுத்துப் பகிர, பொழுது சாய்வதற்குள் முந்நூறு பின்னூட்டங்கள்.

'அக்கா, சிங்கப்பூர் பாலத்து நெரிசல்ல நின்னுக்கிட்டுப் படிச்சேன். சிரிச்சதுல வண்டிய எடுக்க மறந்துட்டேன், பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிக்கிறான்.'

'அட அலமாக்! எங்க வீட்டுக்காரரை உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?'

சதாசிவம் பூரித்தார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் பெயர் எங்கேயும் இல்லை. சங்க காலம் தொடங்கி வாழை இலையின் வரலாற்றை இருபது பத்திகளில் மறுப்பாக எழுதிப் போட்டார். கோத்தா திங்கியிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: 'ஐயா கொஞ்சம் நகருங்க, அக்காவை மறைக்கிறீங்க.'

அன்றைக்கு ரசம் இறங்கவில்லை. இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை வாழையிலைச் சாப்பாட்டுக்கடை மனோகரன் தொலைபேசியில் கூப்பிட்டார். விளம்பரம்! சதாசிவம் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"சார், அங்கம்மா எங்க எழுதுறாங்களோ அங்கதான் என் கடை விளம்பரம். அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

என் மனைவிதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சண்டை செட்டப் என்று ஆகிவிடும். ராஜசேகரன் ஒரு மாதத்துக்கு அதையே எழுதிக் கூட்டம் சேர்ப்பான்.

"பழக்கமில்லைங்க" என்றார்.

தேன்மொழி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சதாசிவம் அருகில் போய் நின்றார்.

"தேனு, அங்கம்மாவுக்குத் தனியா ஒரு வலைப்பூ இருந்தா நல்லா இருக்கும்போல. விளம்பரமாவது வரும்."

"நேத்தே ஆரம்பிச்சாச்சுங்க. ராஜசேகரன் அண்ணன்தான் மெசேஜ்ல சொல்லிக்கொடுத்தாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. பெக்கோக் அக்கான்னு அவ்வளவு மரியாதை!"

வெங்காயம் உரித்தது தேன்மொழி. கண் எரிந்தது சதாசிவத்துக்கு.

"அப்ப நான்?"

"உங்களை விட்டுட்டு எனக்குப் பொழப்பு ஓடுமா? திட்ட ஆள் இருந்தாத்தானே கூட்டம் வரும்? வாரா வாரம் என்னைத் திட்டி ஒரு பின்னூட்டம் போடுங்க."

சதாசிவத்தின் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. அத்தனை ஆயிரம் பேர் நடுவே தன் பெயர்!

"ஆனா வேற பேர்ல எழுதுங்க. சதாசிவம்னு பார்த்தாலே எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க."