யார் வூட்டுப் பேன்?

"இது உன் வூட்டுப் பேன்தான்!"

ஞாயிறு சாயங்காலம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில், கட்டைவிரல் நகத்தின் மேல் கிடந்த கரிய புள்ளியை ஜான்சனின் மூக்குக்கு நேராக நீட்டினாள் ஜெனிஃபர்.

"பேன் முதுகுல அட்ரஸ் எழுதிக்கீதா இன்னா?" என்றான் அவன்.

விவாகரத்தாகி ஒரு வருடம். மகள் நிஷா அம்மாவிடம் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஜான்சன் இங்கே வந்து அவளை வாலாஜாபாத் கூட்டிப் போவான். ஞாயிறு சாயங்காலம் இங்கேயே கொண்டுவந்து விடுவான். இதுவரை அவன் ஒரு தூணருகில், அவள் ஒரு தூணருகில். நடுவில் குழந்தை மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகும்.

"இன்னொரு தபா புள்ள பேனோட வந்துச்சு, லாயர் கிட்ட சொல்லி உன் ஞாயித்துக்கிழமையை நிறுத்திடுவேன்."

வாரமெல்லாம் லோடு வேன் ஓட்டுகிற ஜான்சன் அந்த ஒரு நாளுக்காகத்தான் ஓட்டினான். வீட்டுக்குப் போனதும் தலையணை உறையை வெந்நீரில் போட்டான். பாயை வெயிலில் காய வைத்தான். அப்படியும் நிம்மதி இல்லை. அடுத்த சனிக்கிழமை மொட்டைத் தலையோடு வந்து நின்றான்.

"த பாரு. எங்க வூட்ல பேன் தங்கறதுக்கு எடமே இல்ல."

"சாட்சியை அழிச்சிட்டு வந்துட்டியா?"

"சரிம்மா, நீ வுடும்போது ரெண்டு பேரும் பாக்கலாம். நான் வுடும்போதும் பாக்கலாம். எங்க ஏறுதுன்னு தெரிஞ்சிடும்ல?"

சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நிஷா நடுவில். இடது சடை அவனுக்கு, வலது சடை அவளுக்கு.

வேர்க்கடலை விற்கும் மார்த்தாளுக்குக் கொண்டாட்டம். வேடிக்கை பார்க்க நின்றவர்களெல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினார்கள். பக்கத்தில் அவள் மகள் ஷாரோன், நிஷாவோடு படிப்பவள், ஒரு கையால் தலையைச் சொறிந்துகொண்டே பொட்டலம் மடித்தாள்.

"மாட்டிக்கிச்சு!" ஜான்சன் எழுந்து குதித்தான். "இது உன் வூட்டுது!"

"நேத்து வாரும்போது ஒண்ணுமே இல்லியே!"

"இன்னைக்கி பஸ்ஸு புடிச்சி வந்துச்சாங்காட்டியும்."

சண்டையில் வாலாஜாபாத் பஸ் இரண்டு போய்விட்டது. நிஷா அம்மா மடியில் தலையும் அப்பா மடியில் காலுமாகத் தூங்கிப்போயிருந்தாள்.

ஜான்சன் மெடிக்கலில் பேன் மருந்து வாங்கி நிஷா தலையில் தேய்த்தான். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேன் கிடைத்தன.

"மருந்து குடிச்சி நல்லா தேறிக்கீது," என்று எட்டிப் பார்த்தாள் மார்த்தாள்.

"ஜீவனாம்சத்தோட பேன் மருந்தும் என் தலையிலதானா?" என்றான் ஜான்சன்.

"உன் தலையில இன்னா கீது?" என்றாள் ஜெனிஃபர். "நாளைக்கி சாயங்காலம் ஒரே ஒரு பேன் இருக்கட்டும். திங்கக்கிழமை லாயர் வூட்ல நிப்பேன்."

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஞாயிறு காலை நிஷாவைச் சலூனுக்குக் கூட்டிப் போனான். கத்தி ஓடி முடியும்வரை அவள் கால்களை ஆட்டிக்கொண்டு சும்மாதான் இருந்தாள். பிறகு தலையைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணு கூட இல்லியா, நைனா?"

"ஒண்ணு கூட இல்லடா செல்லம்!"

அப்போது ஆரம்பித்தது அழுகை. உத்திரமேரூர் பஸ்ஸிலும் நிற்கவில்லை. கண்டக்டர் சந்தேகமாகக் குனிந்தார்.

"புள்ள உன்னுதாய்யா?"

"ரெண்டு தலையையும் பாத்தா தெரியல?"

பெஞ்சருகில் காத்திருந்த ஜெனிஃபர் மகளைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"பாவி! அடுத்த வாரம் சர்ச்சுல கிறிஸ்மஸ் டிராமா. இவதான் தேவதூதன்! இந்தத் தலையோட வந்து நின்னா மேய்ப்பனுங்க ஆட்டை வுட்டுட்டு ஓடிடுவானுங்கய்யா!"

"பேன் இல்லல்ல? நல்லா தேடிப் பாரு!"

"தேட வேற இன்னா கீது? இனிமே நீ இவளைப் பாக்கவே முடியாது. வாடி!"

நிஷா வரவில்லை. பெஞ்சின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள்.

"முடி வளந்துடும்டா," என்றான் ஜான்சன்.

"முடி வளந்துடும்டி," என்றாள் ஜெனிஃபர்.

மார்த்தாள் கடலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"முடிக்கா அழுவுது அது? சனிக்கிழமை ஆனா எங்க ஷாரோன் தலையோட தலையை ஒட்டிக்கினு பேன் ஏத்திக்கினு வரும். நானும் ஏவாரம் ஆவுதேன்னு வாயை மூடிக்கினு இருந்தேன். இன்னாத்துக்குடின்னு கேட்டா, அப்பத்தான் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காருவாங்கன்னுச்சு!"