மார்த்தாவுக்காக நான் நடத்திய காணிக் கச்சேரி

அரசாங்கத்தில் நெடுங்காலம் வேலை செய்தவனுக்குத் தன் திணைக்களத்தின் சட்டம்தான் உலகத்தின் சட்டம் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு அது முற்றிப்போகும். எனக்கு முற்றியது கற்பிட்டிக் கடற்கரையில்.

நான் காணி உத்தியோகத்தராக இருந்தவன். புத்தளம் மாவட்டத்தில், அரச காணியை யாருக்குக் கொடுப்பது என்று விசாரிக்கும் எத்தனையோ காணிக் கச்சேரிகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அரச காணியில் சொல்லாமல் கொள்ளாமல் குடியேறியவர்கள் வந்து நிற்பார்கள். காட்டை வெட்டினேன், கிணறு தோண்டினேன், தென்னை வைத்தேன் என்று அயலவர்களைச் சாட்சிக்கு அழைத்து வருவார்கள். யாருடைய தென்னை அதிகம் காய்த்திருக்கிறதோ அவருக்குப் பெர்மிட். சட்டத்தை மதித்து வேலிக்கு வெளியே கைகட்டி நின்றவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். (இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடைமுறை என்கிறேன்.)

என் மகள் ஷிபானா கடலோரத்தில் கபானா என்று நாலு குடில் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். தென்மேல் காற்று எழும்பினால் அவர்கள் இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பாய்வார்கள். கைட் சேர்ஃபிங்காம். அதைப் பழக்க ஆள் வேண்டும். போலந்திலிருந்து சுற்றுலா வந்த மார்த்தா, முதலில் பொழுதுபோக்காகப் பழக்கினாள், பிறகு சம்பளத்துக்குப் பழக்கினாள். மார்த்தாவுக்காகவே விருந்தினர் வரத் தொடங்கினார்கள். அடுத்த சீசனுக்குக் கபானா முழுவதும் நிரம்பிவிட்டது. மார்த்தா இல்லையென்றால் ஒருவரும் வரமாட்டார்கள்.

சுற்றுலா வீசாவில் வேலை செய்யக் கூடாது என்பது ஷிபானாவுக்குத் தெரியும். அதனால் ஒழுங்காக ஒரு வழி பார்த்து வைத்திருந்தாள். மார்த்தா பழக்குவதை நிறுத்த வேண்டும். ஷிபானா தொழில் தருபவராக விண்ணப்பித்து அமைச்சின் சிபாரிசு எடுப்பாள். மார்த்தா ஊருக்குப் போய், நுழைவு வீசாவோடு திரும்பி வந்து, இங்கே தங்கி வேலை செய்ய வதிவிட வீசா எடுப்பாள்.

வேறு வழிகளையும் நாங்கள் அலசாமல் இல்லை. பெரிய முதலீட்டாளருக்கு ஒரு வீசா உண்டு. மார்த்தாவிடம் இருந்தது இரண்டு பட்டமும் ஒரு முதுகுப் பையும். வயதானவர்கள் வந்து ஓய்வெடுக்க ஒன்று உண்டு. அதற்கு அவள் முடி நரைக்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பனிக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவருக்கு ஒன்று உண்டு. கடலுக்குள் நின்று பழக்குவதைக் கம்ப்யூட்டரில் செய்ய முடியாது. இலங்கையர் ஒருவரைக் கலியாணம் முடிப்பது கடைசி வழி. அதற்கு எங்கள் படகோட்டி மஹ்ரூப் தயாராக இருந்தான். மார்த்தாவிடம்தான் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"எதுக்கு வீணா பிளேன் ஏறோணும்? நேரா கொழும்புக்குப் போய், இவ்வளவு காலமும் மார்த்தா இஞ்ச என்ன செஞ்சா எண்டு காட்டினா, இருந்த இடத்திலயே ஒழுங்குபடுத்தித் தருவாங்க."

"வாப்பா, அது காணி. இது வீசா."

"ரெண்டும் அனுமதிதான் மகள். அரசாங்கம் பார்க்கிறது ஒண்டைத்தான். ஆள் என்ன அபிவிருத்தி செஞ்சிருக்கு?"

"மார்த்தா என்ன தென்னம்பிள்ளையா வெச்சா?"

மார்த்தா என்னை நம்பினாள். அரசாங்கத்தில் இவ்வளவு காலம் இருந்தவருக்குத் தெரியாதா என்று ஷிபானாவிடம் கேட்டாளாம். (என் சேவைக் காலத்தில் யாரும் என்னைப் பற்றி இப்படிப் பேசியதில்லை. அதில்தான் மயங்கினேன்.)

கொழும்பு போக வாடகைக்கு ஒரு வான் பிடித்தோம். தொழில் தருபவர் நேரில் நிற்க வேண்டும் என்று ஷிபானாவையும் ஏற்றினேன். சாட்சிக்கு மஹ்ரூப். நிக்காஹ் வீடுகளுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சேர்ட்டில் வந்திருந்தான். என் கையில் மார்த்தாவின் படங்கள்: கடலுக்குள் நின்று பழக்குவது, கரையில் வகுப்பெடுப்பது, 'பயிற்றுநர் மார்த்தா' என்ற பலகைக்கு முன்னால் சிரிப்பது. வழியில் பாலாவியில் பிளேன்டி குடித்தபோது எல்லாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தேன். "ஒண்டையும் மறைக்க வேணாம். மறைச்சாத்தான் சந்தேகம்."

வீசா அலுவலகத்தில் எங்களுக்கு வாய்த்தது மரியாதையான ஒரு சிங்களப் பெண் அதிகாரி. கடவுச்சீட்டைப் பார்த்தார்.

"இன்னும் நாள் இருக்கே. என்ன விஷயமா வந்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

வீசாவைப் பற்றி விவரம் கேட்க வந்தோம் என்று சொல்லியிருந்தால் நாங்கள் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருந்திருப்போம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் நல்ல கச்சேரிச் சிங்களத்தில் ஆரம்பித்தேன்.

"மேடம், இந்தப் பிள்ளை சும்மா ஊர் சுற்றுகிறவர் அல்ல. வந்த காலம் முதல் தொடர்ச்சியாக வேலை செய்து வருகிறார்."

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். (அந்தச் சத்தத்தை நான் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.)

"சம்பளத்துக்கா?"

"முறையாக, மாதா மாதம்."

ஷிபானா என் காலை மிதித்தாள். இடம் நெருக்கம் என்று நினைத்துக் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"சாட்சி இருக்கா?" என்றார் அதிகாரி. அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார் என்று இன்றும் நினைக்கிறேன். மஹ்ரூப் எழுந்து நின்றான்.

"நான்தான் மேடம். இவ ஒரு நாளும் லீவு எடுக்கல்ல. காய்ச்சலோடயும் கடலுக்கு எறங்கினா."

அதிகாரி மார்த்தாவிடம் திரும்பி, இது உண்மையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மார்த்தா என்னைப் பார்த்தாள். நான் நீதவான் மாதிரித் தலையசைத்தேன். "ஓம் மேடம்" என்றாள், எங்கள் வீட்டில் பழகிய தமிழில். நான் படங்களைப் பரப்பினேன்.

"இவருக்கு வேலை கொடுத்தது யார்?"

"என் மகள். இதோ பக்கத்திலேயே இருக்கிறார்."

அதிகாரி படங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஐயா எந்தத் திணைக்களத்தில இருந்தீங்க?"

"காணி."

நோய் இன்னதென்று பிடிபட்ட டாக்டர் மாதிரித் தலையாட்டினார். "காணி நடந்து போகாது ஐயா. அதனால இருக்கிறவருக்கே கொடுக்கிறது. ஆள் நடந்து போகலாம். இவங்க போக வேண்டி வரும்."

ஒரு கிழமைக்குள் நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். ஷிபானாவை எச்சரித்து, வாக்குமூலம் எழுதி எடுத்தார்கள். மஹ்ரூப் அதில் சாட்சியாகக் கையெழுத்து வைத்தான். என் திட்டத்தில் சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான்.

அதே வானில் ஊருக்குத் திரும்பினோம். சிலாபம் தாண்டியதும் மஹ்ரூப் மெதுவாகக் கேட்டான். "சேர், அப்ப காணியாவது தருவாங்களா?"

மார்த்தா போகும்போது என்னோடு கோபிக்கவில்லை. உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்றாள். கோபித்திருந்தால் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன். அந்த வருஷம் காற்று என்றுமில்லாத அழகாக வீசியது. முன்பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். ஷிபானா வெறும் கபானாக்களைக் கூட்டிப் பெருக்கினாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் அழுத்திப் பெருக்கினாள்.

அடுத்த சீசனுக்கு முன்னால் ஒரு காலை, மார்த்தா முதுகுப் பையோடு வாசலில் நின்றாள். வதிவிட வீசாவுக்கான எல்லாம் கையில். தொழில் தருபவரின் விண்ணப்பம், சிபாரிசு, நுழைவு வீசா, ஒன்றும் குறையவில்லை.

"யார் செஞ்சு தந்தது?" என்றேன்.

"நாங்கதான் வாப்பா," என்றாள் ஷிபானா. "போன வருஷக் கதைக்கும் விளக்கம் எழுதிக் குடுத்தோம். உங்களுக்குச் சொல்லாததால சுகமா முடிஞ்சுது."

அந்த வீசாவை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு கஷ்டம். சரியாக அந்தக் கிழமையில் கனமூலையிலிருக்கும் என் மச்சான் சஹாப்தீனுக்குக் கடும் சுகவீனம் வந்துவிடுகிறது. நான் போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஒற்றைக் காலில் நிற்பார்கள். இந்த முறையும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். மச்சான் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். முகத்தில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. பகல் சாப்பிட்ட புரியாணியின் அடையாளம் இருந்தது. பின்னேரம் அவருடைய ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு, போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"வீசா கெடச்சிட்டாம் மச்சான். நான் எழும்பட்டா?"