மூளைக்காரரும் ஒரு விரல் நுனியும்

மனிதரில் ‘நான்தான் மூளை’ என்றொரு இனம் உண்டு. நான்கு பேர் சேர்ந்து எந்த வேலையைத் தொடங்கினாலும் ஐந்தாவதாக வந்து நிற்கும். கையில் அழுக்குப் படாது. வாய் ஓயாது. பார்த்திருப்பீர்களே?

அட்டைப்பெட்டிப் பட்டறை மேலாளர் இந்த இனத்தில் சொக்கத் தங்கம். திங்கட்கிழமை தவறாமல் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, சுவரில் தொங்கும் மனித உடல் படத்தின் முன் நின்று, "செல்லு சேர்ந்தா திசு, திசு சேர்ந்தா உறுப்பு, உறுப்பு சேர்ந்தா மண்டலம், எல்லாம் சேர்ந்தா உடம்பு. நம்ம பட்டறையும் ஒரு உடம்புதான்!" என்று முழங்குவார். ஒவ்வொரு உறுப்பிலும் ஒருவருடைய பெயர்ச் சீட்டு. வண்டிக்காரர் கால். கணக்கர் கல்லீரல். ‘நான் ஏன் சார் கல்லீரல்?’ என்று அவர் கேட்ட மறுவாரமே பெருங்குடலுக்கு மாற்றப்பட்டார். மூளையில் மட்டும் சீட்டு இல்லை, புகைப்படம்.

பசை தடவும் அக்காவுக்கு உறுப்பே கிடைக்கவில்லை. பதினோரு வருடமாக அவள் வெறும் செல். படத்தின் இடது கை விரல் நுனியில் ஒரு மைப்புள்ளி.

அந்தப் புள்ளியின் மகளுக்கு வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. ஆறு வயது.

"ரெண்டு நாள் லீவு வேணும் சார். கண்ணு முழிக்கும்போது நான் பக்கத்துல இல்லன்னா பயந்துடுவா."

"செல்லுக்கு ஏதும்மா லீவு? ஒரு செல் போனா உடம்புக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"தெரியாதுன்னா போயிட்டு வந்துடறேனே சார்?"

"எதிர்த்தா பேசறே?" என்று அட்டை அடுக்கின் மேல் ஓங்கி அறைந்தார். விளிம்பு அவருடைய இடது விரல் நுனியைக் கீறியது.

ஐயோ, அந்தக் காட்சியை எப்படி எழுதுவேன்! கண் கலங்கி, நெஞ்சு படபடத்து, வாய் "அம்மா!" என்று அலறி, முழங்கால் இரண்டும் துவண்டு, அந்தப் பெரிய உடம்பு முழுவதும் பசை வாளிக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. மூளை? அதை யாரும் காணவில்லை.

"நான் வீட்டுக்குப் போறேன். மூணு நாள் வரமாட்டேன்," என்று முனகினார்.

அக்காதான் விரலைக் கழுவித் துணி சுற்றினாள். முடிச்சுப் போடும்போது மெல்லக் கேட்டாள்: "எத்தனை செல் சார் போயிருக்கும்?"

பெருங்குடல் முதலில் சிரித்தது. பிறகு பட்டறையே சிரித்தது. அவள் நீட்டிய விடுப்புத் தாளில், தலை நிமிராமல் கையெழுத்து விழுந்தது.

வியாழக்கிழமை குழந்தை கண் விழித்தபோது எதிரே அம்மா இருந்தாள்.

திருந்தினாரா என்கிறீர்களா? அடுத்த திங்கட்கிழமை படத்தில் அந்த மைப்புள்ளியைக் காணவில்லை. விரல் நுனியிலும் அவருடைய புகைப்படம்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அப்படியே உள்ளே ஒரு குரல் கொடுத்துத் தண்ணீர் கேளுங்கள். கொண்டுவந்து வைக்கிறவரிடம், ‘நான் சொல்லலைன்னா இந்த வீட்ல ஒண்ணும் நடக்காது’ என்று கடைசியாக எப்போது சொன்னோம் என்றும் கேட்டுப் பாருங்கள்.

விரல் நுனி பத்திரம்.