நாற்பதாவது மாடிக்காரன்

"நூரு, எனக்கு முட்டு வலிக்கு. நீங்க ரெண்டு பேரும் ஏறிட்டு வாங்க, நான் இங்கன நிக்கேன்" என்றான் காஜா, கொல்லம் கலங்கரை விளக்கத்தின் வாசலில் நின்றுகொண்டு.

மனைவி நூர்நிஷா உடனே கைப்பையைத் திறந்தாள். அவனே துபாயிலிருந்து வாங்கி வந்து ஊருக்கெல்லாம் கொடுத்த கோடாலித் தைலம் வெளியே வந்தது.

"காலை நீட்டுங்க."

"இங்கனயா? ஆளுக பாக்குதுல்லா?"

"பாத்தா பாக்கட்டும். நாளன்னைக்கு பிளைட்டு. ஒங்க கூட மேல நிக்கணும்னு புள்ளைக்கு ஆசை."

காஜாவின் முட்டியில் ஒரு கோளாறும் இல்லை. உயரம்தான் ஆகாது. நாற்காலியில் ஏறி பல்பு மாட்டினாலே வயிற்றைக் கலக்கும். இதை வெளியே சொல்ல முடியாது. அவன் துபாயில் நாற்பதாவது மாடியில் கிரேன் ஓட்டுகிறான் என்று சொந்த ஊரான வடகரை முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. கிரேன் வேலைக்கென்றுதான் போனான். முதல் நாளே பாதி ஏணியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே இறக்கி, தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்பது வருடமாகிறது. பாவம், வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் "மேல காத்து பிச்சுக்கிட்டு அடிக்கு" என்று சொல்லியே பழகிவிட்டான்.

லீவுக்கு வந்தால் குற்றாலத்தோடு சமாளித்துவிடுவான். அருவியில் ஒரு வசதி, கீழே நின்றால் போதும், அதுவாகவே இறங்கி வரும். இந்த முறை நூர்நிஷா பிடிவாதமாகக் கொல்லம் ரயிலில் ஏற்றிவிட்டாள். பள்ளத்தாக்குக்கு மேலே பதிமூன்று கண் பாலம் வந்தபோது காஜா தூங்குவதுபோல் நடித்தான்.

தைலம் முட்டியில் எரிந்தது.

"பை இருக்கே, யாரு பாத்துக்கிடுவா?" என்று அடுத்த சாக்கைப் பிடித்தான்.

டிக்கெட் கிழித்த மலையாளத்துப் பெரியவர் பையை வாங்கக் கையை நீட்டினார். "பேக் இவிட வெச்சோ. ஞான் நோக்கிக்கோளாம்."

"அதில்ல அண்ணாச்சி. தெனமும் நாப்பதாவது மாடியில கிரேன் ஓட்டுதேன். லீவுலயும் ஏறணுமான்னு ஒரு சலிப்பு" என்று ஒரே போடாகப் போட்டான் காஜா. அங்கேதான் வினையை விலைக்கு வாங்கினான்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. முதல் படியில் கம்பியைப் பிடித்தபடி வேர்த்து வழிந்துகொண்டிருந்த ஒருவரைக் காட்டினார். "அந்த சாருக்கு ஏற பயமாம். பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் மேல போயாச்சு. நிங்கள்தான் கைபிடிச்சு கொண்டுபோணும், கேட்டோ."

வேர்த்து நின்றவர் வீரகேரளம்புதூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பால்வண்ணநாதன். "நாப்பதாவது மாடியா! தம்பி, நீங்க நல்லா இருப்பிய" என்று காஜாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நூர்நிஷாவும் மகள் ஜுஹைனாவும் பின்னால் அணைகட்டியதுபோல் வந்தார்கள். தப்ப வழியில்லை.

நூற்றுச் சொச்சம் படி, வெள்ளைக்காரன் காலத்துச் சுழல் படி. யார் யாரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள் என்று சொல்வது கஷ்டம்.

"தம்பி, ஒங்க கை ஏன் நடுங்குது?"

"அது ஒங்க நடுக்கம், அண்ணாச்சி."

"கண்ண ஏன் மூடியிருக்கிய?"

"தொழில் பழக்கம். எங்களுக்கெல்லாம் கண்ணு தேவையில்ல."

மேலே போனதும் பால்வண்ணநாதன், "ஒங்க புண்ணியத்துல வந்துட்டேன்!" என்று கும்பிட்டுவிட்டுத் தன் குடும்பத்திடம் ஓடினார். காஜா சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒரு கையை நூர்நிஷா பிடித்தாள். மறு கையைப் பத்து வயது ஜுஹைனா பிடித்தாள். கடல் காற்று முகத்தில் அடித்தது.

மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதையும். கடல், படகுகள், அதற்கு மேலே எல்லையில்லாத வெளிச்சம். கீழே விழவில்லை, உயிர் இருந்தது. ஒன்பது வருடம் தனியாளாகக் குடும்பத்தைத் தாங்கியவள் ஒரு குறை சொல்லாமல் பக்கத்தில் நின்றாள். இவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று நினைத்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். பழக்கதோஷம், வேறு வந்தது.

"எங்க கிரேன்ல இருந்து பாத்தா இதவிட..."

ஜுஹைனா அவன் கையை இன்னும் இறுக்கினாள்.

"போதும் வாப்பா, நீங்க வீடியோ கால் பேசும்போதெல்லாம் பின்னாடி செவத்துல 'பேஸ்மென்ட் மூணு'ன்னு பெருசா எழுதியிருக்கும், அதான் ஒங்களுக்கு ஒரு நாளாச்சும் வானத்தக் காட்டணும்னு உம்மா இங்கன கூட்டியாந்தா."